சுருங்கிய மைதானம்

என் கணவர் கால்பந்து நடுவர் என்று சொன்னால் ஆவடி குவார்ட்டர்ஸ் பெண்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பிழைப்பு என்னவோ பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் லேத் மிஷின் ஓட்டுவதுதான். ஞாயிற்றுக்கிழமையானால் கறுப்புச் சட்டை, கறுப்பு நிக்கர், கழுத்தில் விசில். மற்ற வீட்டு ஆண்கள் பையைத் தூக்கிக்கொண்டு கறிக்கடைக்குப் போகும் நேரத்தில் இவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் திட்டு வாங்கப் போவார். ஆமாம், திட்டு வாங்கத்தான். ஜெயித்த டீம் தன் திறமை என்று சொல்லும், தோற்ற டீம் ரெஃப்ரி சரியில்லை என்று சொல்லும். இதில் இந்த மனுஷனுக்கு என்ன சுகம் என்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை.

முதலில் அவர் தொழிற்சாலை டீமில் ஆடிக்கொண்டிருந்தவர். முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் மேனாம்பேடு பக்கம் ஒரு மேட்ச்சுக்கு ரெஃப்ரி வராமல் போக, வேடிக்கை பார்க்கப் போயிருந்த இவர் கையில் விசிலைத் திணித்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சம் இல்லை. அது வேறு எனக்குக் கொஞ்சம் கோபம்.

"இன்னா, லாட்டரி கீட்டரி அடிச்சிச்சா?" என்றேன்.

"ஆடும்போது பந்து மட்டுந்தான்மே தெரியும். விசிலு கையில இருந்தா மேட்ச்சே தெரியுது!"

அதோடு அந்த விசில் பைத்தியத்தில் விழுந்தார். அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

நான் குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய கறுப்பு உடுப்பையும் நானே தைத்தேன். மஞ்சள் அட்டைக்கு மார்பில் ஒரு பாக்கெட், சிவப்பு அட்டைக்கு நிக்கரின் பின்னால் ஒரு பாக்கெட். கோபத்தில் கை மாறிப் போய் எச்சரிக்கை கொடுக்க வேண்டியவனை வெளியே அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. சிவப்புக்கு நான் தைத்த பாக்கெட்டில் பட்டன் வேறு உண்டு. பட்டனைக் கழற்றுகிற நேரத்தில் கோபம் கொஞ்சம் இறங்கட்டும் என்று நானாகச் செய்தது. பட்டன் அறுந்தால் அவரே உடனே தைக்கச் சொல்லிக் கொண்டுவந்து கொடுப்பார்.

ஒரு முறை சென்னீர்குப்பத்தில் கடைசி நிமிஷத்தில் பெனால்டி கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். தோற்றவர்கள் கை வைக்கவில்லை, நல்ல மனிதர்கள். சைக்கிளின் இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டு, பம்ப்பையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஆவடி வந்து சேர்ந்தார். நான் வாசலில் நின்று கத்தினேன். அவரோ சட்டையைக் கழற்றிக்கொண்டே, "பெனால்டி பெனால்டிதான்மே. நான் கிட்டக்கத்தான் நின்னுகினு இருந்தேன்" என்றார். அவருக்கு எல்லாம் அந்தக் 'கிட்டக்க'தான். தூரத்தில் நின்று விசில் ஊதுகிறவனை அவர் மனிதனாகவே மதிக்க மாட்டார்.

ஒவ்வொரு பரீட்சையாக எழுதி, மாவட்டம், மாநிலம் என்று ஏறி, எண்பதுகள் முடிவதற்குள் கல்கத்தாவுக்கும் கேரளாவுக்கும் ரயிலில் போய் மேட்ச் நடத்திவிட்டு வருகிற ஆளாகிவிட்டார். தொண்ணூறுகள் தொடங்கியபோது வந்தது அந்தச் செய்தி. சர்வதேச நடுவர் பட்டியலுக்கு இவர் பெயரைப் பரிந்துரை செய்திருக்கிறார்கள்! சட்டையில் குத்துவதற்கு ஒரு பேட்ஜ் கொடுப்பார்கள். அது இருந்தால் நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கிற மேட்ச்சில் விசில் ஊதலாம். எங்கள் ஏரியாவில் அதுவரைக்கும் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. விதிமுறைப் பரீட்சையில் தேறிவிட்டார். மிச்சம் இருந்தது ஓட்டம் ஒன்றுதான். நானூறு மீட்டர் பாதையில் பன்னிரண்டு நிமிஷத்துக்குள் ஆறரைச் சுற்று. இதில் ஒரு சிக்கல், புதிதாகப் பட்டியலில் சேர்வதற்கு வயது வரம்பு உண்டு. அடுத்த வருஷம் இவர் அதைத் தாண்டிவிடுவார். இந்த வருஷம் ஓடினால் உண்டு, இல்லாவிட்டால் எந்தக் காலத்திலும் கிடையாது.

ஓடமாட்டாரா என்ன? தினமும் விடியற்காலையில் தொழிற்சாலை மைதானத்தில் ஓடினார். கோட்டருகே அவருடைய கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். தினமும் சில நொடி மிச்சம் வைத்தே முடிப்பார். முதல் ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, "இன்னா அண்ணாத்தே, ஃபாரின் டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. பேட்ஜ் குத்துவதற்குத் தோதாக மார்புப் பாக்கெட்டைச் சற்றுப் பெரிதாக்கி ஒரு புதுச் சட்டையே தைத்து வைத்துவிட்டேன்.

பரீட்சை நாளன்று நகரத்துப் பெரிய ஸ்டேடியத்துக்கு நானும் போனேன். வேலிக்கு வெளியே நின்றேன். விசில் ஊதினார்கள், ஓடினார். வழக்கம்போலத்தான் ஓடினார், காலில் குறை இல்லை, மூச்சில் குறை இல்லை. ஆனால் பன்னிரண்டு நிமிஷம் முடிந்து விசில் அடித்தபோது, முடிவுக் கோடு அவருக்கு முன்னால் எங்கேயோ கிடந்தது. ஒரு பெனால்டி ஏரியாவின் அகலத்துக்கு இடைவெளி. அவர் நின்ற இடத்திலேயே நின்று அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேலியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் அந்தப் பரீட்சை அதிகாரியைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க ஊட்டுக்காரரு தினம் ஓடறாரு சார்! நானே வாட்ச்ச கையில வச்சிகினு நிக்கறேன். உங்க மைதானத்துல இன்னாமோ கோளாறு கீது!"

அதிகாரி பொறுமையானவர். கொஞ்ச தூரத்தில் தவறவிட்டவர்களுக்கு ஒரு மாதம் கழித்து இன்னொரு வாய்ப்பு உண்டு, அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஆவடி ரயிலில் என் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். நான் வில்லிவாக்கம் வரைக்கும் அந்த அதிகாரியைத் திட்டினேன், அதற்கு மேல் மற்றவர்களையும் சேர்த்துத் திட்டினேன்.

குவார்ட்டர்ஸில் ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். வேண்டிய ஆளுக்காக ஒதுக்கிவிட்டார்கள் என்றார்கள். வாட்ச்சை வேகமாக ஓடவிட்டார்கள் என்றார்கள். என் கணவர் வேலை பார்த்த லேத் ஷாப்பில் ஒரு ஃபோர்மேன் இருந்தார். தொழிற்சாலை வருடாந்தரப் போட்டியில் நீண்ட ஓட்டத்துக்கு ரெக்கார்டு வைத்திருந்தவர், வீட்டுக் கூடத்தில் கேடயம் கேடயமாக அடுக்கியிருப்பார். அவர்தான் அடித்துச் சொன்னார்: "அங்க டிராக்கு நீளம்மா. மெட்ராஸ்காரன் வேலையக் காட்டிட்டான்." நாங்களும் மெட்ராஸ்காரர்கள்தான் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் உறைக்கவில்லை.

அதை நிரூபித்தே தீருவது என்று நான் கிளம்பினேன். நகரத்து ஸ்டேடியத்தை அளக்க என்னை விட மாட்டார்கள். நம் மைதானத்தை அளந்து, இதோ சரியான நானூறு மீட்டர், இதில் ஓடியவர் அதில் எப்படித் தோற்பார் என்று எழுதிக் கொடுக்கலாம் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாக்கெட் அளக்கிற இஞ்ச் டேப்பால் சைக்கிள் சக்கரத்தின் சுற்றளவை எடுத்தேன். கம்பியில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி, ரிப்பன் தரையைத் தொடும்போதெல்லாம் எண்ணிக்கொண்டே சைக்கிளைக் கோட்டின் மேல் தள்ளிக்கொண்டு போனேன். கணக்குப் போட்டேன். தப்பு. மறுபடி தள்ளினேன். மறுபடி அதே கணக்கு வந்தது. எங்கள் மைதானம் ஒரு சுற்றுக்கு ஒரு பஸ் நீளம் குறைகிறது!

மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவரை வீட்டில் போய் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பம்ப் ரூம் பக்கத்து மூலையைக் காட்டினார்.

"இன்னாம்மா பண்றது? மழைக்காலத்துல அங்க தண்ணி நிக்குது. தண்ணியில சுண்ணாம்பு நிக்குமா? கொஞ்சம் உள்ள தள்ளிப் போடுவேன். அப்பால வெயில் காலத்துல அந்தக் கோட்டு மேலயே போட்டுகினு போயிடுவேன். அடுத்த மழைக்கு அதுவும் நனையும், இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுவேன்."

"வெளிய எப்ப தள்ளுவீங்க?"

"வெளிய தள்ளணும்னு யாரும் சொல்லலியேம்மா" என்றார்.

இத்தனை வருஷமாக மைதானம் மழைக்கு மழை ஒதுங்கி ஒதுங்கி உள்ளே வந்திருக்கிறது. நாங்கள் எல்லாரும் அதன் மேலேயே ஓடி, கை தட்டி, கேடயம் வாங்கியிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஃபோர்மேன் நம்பவில்லை. ரவிக்கைத் துணி அளக்கிற டேப்பை வைத்துக்கொண்டு மைதானத்தை அளக்க வந்துவிட்டாள் என்று சத்தம் போட்டார். தொழிற்சாலையிலிருந்து நீளமான ஸ்டீல் டேப்பை வாங்கிவந்து, நாலு ஆள் வைத்துத் தானே அளந்தார். அதே ஒரு பஸ். டேப்பைச் சுருட்டாமல் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். கூடத்தில் இருந்த கேடயங்களெல்லாம் அவர் கண் முன்னால் வந்து போயிருக்கும், பாவம்.

ஆனால் என் கணவருடைய வேதனை வேறு மாதிரி இருந்தது. அன்று சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"இத்தினி வருசமா நமக்கு ஓட்டம் போதும்னு நெனச்சிகினு இருந்தேன்மே. ஒவ்வொரு மேட்ச்சுலயும் எவ்ளோ தூரம் பின்னாடி நின்னேனோ, இன்னா தெரியும்? நான் குடுத்ததெல்லாம் கிட்டக்க பாத்துக் குடுத்ததுதானா?"

"இப்ப தெரிஞ்சிதுல்ல? இப்ப ஓடுங்க" என்றேன். எனக்கு வேறு ஆறுதல் சொல்லத் தெரியாது. "ஒரு மாசம் கீது. சாப்புடுங்க."

மறுநாளே ஃபோர்மேன் தானே முன்னால் நின்று கோட்டை வெளியே தள்ள வைத்தார். ஐப்பசி மாதம், பம்ப் ரூம் மூலையில் கணுக்கால் தண்ணீர். சுண்ணாம்பு நிற்காது என்பதால் செங்கல்லை வரிசையாக நட்டார்கள். என் கணவர் செங்கல்லுக்கு வெளியே தண்ணீரில் சளக் சளக்கென்று ஓடினார். முதல் நாள் தோற்றார். அடுத்த நாளும் தோற்றார். குவார்ட்டர்ஸ் முழுவதற்கும் இப்போது மைதானத்தில்தான் விடிந்தது. பழைய ரெக்கார்டுக்காரர்கள் எல்லாரும் மானம் போன வெறியில் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு சுற்று அவருக்கு முன்னால் ஓடி இழுத்துக்கொண்டு போவார்கள். ஃபோர்மேன் தொப்பையோடு ஒரு சுற்று ஓடிவிட்டு, மூச்சு வாங்கியபடி, "உடாத மச்சான்! உடாத!" என்று கத்துவார். நான் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் தொண்டை கிழியக் கத்துவேன். வாரம் ஆக ஆக இடைவெளி சுருங்கியது. இன்னும் பத்தடி. இன்னும் ஐந்தடி. கடைசி வாரத்தில் ஒரு நாள் கோட்டை மிதித்துக்கொண்டு போய் விழுந்தார். மிதித்தது குதிகாலா முன்பாதமா என்று அன்று முழுக்க ஒரே சண்டை.

கடைசிப் பரீட்சைக்குப் பாதி ஷாப்பே லீவு போட்டுவிட்டு எங்களோடு ரயில் ஏறியது. ஸ்டேடியத்து வேலியில் வரிசையாகத் தொற்றிக்கொண்டோம். விசில்! முதல் சுற்று, இரண்டாவது சுற்று, அளவாக ஓடினார். நாலாவது சுற்றில் கூட ஓடியவர்கள் இரண்டு பேர் பின்தங்கினார்கள். ஐந்தாவதில் அவர் முகம் கோணிக்கொண்டது. எனக்கு அந்த முகம் தெரியும், முழங்கால் பேச ஆரம்பித்துவிட்டது. "ஓடுங்க! கிட்டக்க வந்துட்டீங்க, ஓடுங்க!" என்று கத்தினேன். ஃபோர்மேன் வேலிக்கு இந்தப் பக்கம் தானும் கூடவே ஓடினார். ஆறு முடிந்தது. அரைச் சுற்று. வளைவில் திரும்பினார். அதிகாரி விசிலை வாயில் வைத்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன், உடனே திறந்தேன், மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. விசில் அடித்தது. அவர் நின்றார். கோடு அவருக்குப் பின்னால் இருந்தது!

நாங்கள் போட்ட சத்தத்தில் ஸ்டேடியத்துப் புறாவெல்லாம் பறந்துவிட்டது. அதிகாரி கை குலுக்க வந்தார். இவர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, மூச்சு இரைக்க இரைக்க, "சார், இந்த டிராக்க ஒரு தபா அளந்துடுங்க சார்" என்றார்.

"யோவ்! சும்மா இருய்யா!" என்று வேலியிலிருந்து கத்தினேன். பதினைந்து வருஷத்தில் நான் அவரை 'யோவ்' என்றது அன்று ஒரு நாள்தான்.

அதிகாரி சிரித்தார். வருஷா வருஷம் அளந்து சான்றிதழ் வாங்கிய பாதை என்றார். இவர் நகரவில்லை. அளக்காமல் கொடுத்தால் எனக்கு வேண்டாம் சார் என்றார். கடைசியில் ஆள் வந்து டேப் பிடித்தார்கள். அந்த நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை. பூந்தமல்லித் தர்காவுக்கும் சேர்த்து வேண்டினேன். நானூறு மீட்டர், அதற்கு மேல் விரல் அளவு கூடுதல். அதைக் கேட்ட பிறகுதான் அவர் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, ஒரு குழந்தையைப் போல அழுதார்.

பேட்ஜ் வந்தது. புதுச் சட்டையில் நானே குத்திவிட்டேன். சில மாதம் கழித்துக் கொழும்பில் ஒரு மேட்ச்சுக்கு நடுவராகப் போட்டார்கள், டிவியில் காட்டினார்கள். குவார்ட்டர்ஸ் மனமகிழ் மன்றத்தில் இருந்த கலர் டிவி முன்னால் நிற்க இடமில்லை. ஆனால் அந்தக் கேமராக்காரருக்கு ரெஃப்ரி என்று ஒருவர் இருப்பதே தெரியாது போல. ஒரு கறுப்பு முதுகு வரும், போகும். ஒரு கை தெரியும். "அதோ! அதோ!" என்று கத்துவதற்குள் மறைந்துவிடுவார். எனக்குப் பொறுக்கவில்லை.

ஆட்டம் முடியப் போகிற நேரம், இரண்டு பக்கமும் சமம். உள்ளூர் டீமின் ஆள் ஒருவன் பந்தை இழுத்துக்கொண்டு பெனால்டி ஏரியாவுக்குள் புகுந்து தடாலென்று விழுந்தான். மொத்த ஸ்டேடியமும் எழுந்து பெனால்டி கேட்டது. எங்கள் மன்றத்திலும் பாதிப் பேர் கேட்டார்கள். ஃபோர்மேனே, "பெனால்டிதான்யா, குடுத்துறப்பா" என்றார். டிவியில் என் கணவர் முகம் தெரியவில்லை, இரண்டு கையையும் முன்னால் வீசி ஆட்டத்தைத் தொடரச் சொன்னது மட்டும் தெரிந்தது. ஸ்டேடியம் ஊளையிட்டது. பின்னால் நின்று பார்த்தாரோ? தூரமாகிப் போச்சோ?

அப்புறம் அதையே மெதுவாகத் திரும்பக் காட்டினார்கள். தடுத்தவனுடைய கால் முதலில் பந்தைத்தான் தொட்டது, விழுந்தவன் அதற்குப் பிறகு தானாகத்தான் விழுந்தான். மன்றத்தில் எல்லாரும் அந்தக் காலைத்தான் பார்த்தார்கள். நான் பார்த்தது அந்த ஓரத்தை. பந்துக்கு நாலு எட்டில், குனிந்து, கண் கொட்டாமல், என் மனுஷன் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"கிட்டக்க கீறான்மா" என்றார் ஃபோர்மேன். திரையை நோக்கிக் கையை நீட்டினார். "எவ்ளோ கிட்டக்க கீறான் பாரு!"

அதற்குள் ஆட்டம் மறுபக்கம் பாய்ந்துவிட்டது. திரையின் ஓரத்தில் அந்தக் கறுப்பு முதுகு தலை தெறிக்க ஓடுவது தெரிந்தது. "ஓடுங்க!" என்று எழுந்து கத்தினேன். ஃபோர்மேன் கத்தினார். கோடு போடுகிறவர் கத்தினார். மன்றமே எழுந்து நின்று ஓடு, ஓடு என்று கத்தியது, பந்து எங்கே போயிற்று என்று எங்களில் யாரும் பார்க்கவில்லை.